நீலகிரியில் இரண்டு நாள் சைக்கிள்: கோத்தகிரியா, மஞ்சூரா, நடுவட்டமா?

நீலகிரிக்குச் சைக்கிளில் போகக் கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் ஊட்டியைத்தான் மனதில் வைத்துக் கிளம்புகிறார்கள். மேட்டுப்பாளையத்தில் தொடங்கி, பர்லியாறு, குன்னூர் வழியாக ஏறி, ஊட்டி நடுவிலுள்ள சேரிங்கிராஸ் சந்திப்பில் ஒரு படம் எடுத்துக்கொண்டு அதே வழியில் இறங்கிவிடுகிறார்கள். அந்த ஏற்றத்தை முடிப்பது பெரிய விஷயம்தான். ஆனால் இந்த மலையில் சைக்கிள் ஓட்டும் சுகம், ஏறி முடித்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. 1,800 முதல் 2,200 மீட்டர் உயரத்தில் தேயிலைச் சரிவு, சோலைக்காடு, ஹட்டி எனப்படும் படுகர் கிராமம், கேரட் தோட்டம் என்று மாறி மாறி வரும் மேடுபள்ளச் சாலைகள் அங்கேதான் இருக்கின்றன. ஏறிய களைப்போடு ஊட்டி நெரிசலில் சிக்கி, அறை தேடி, மறுநாள் இறங்கிவிட்டால் அதில் ஒன்றையும் பார்க்க முடியாது.

ஆகவே மேலே போனபின் எந்தப் பக்கம் திரும்புவது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். தார்ச்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு மூன்று பக்கங்கள் உண்டு. கிழக்கே கோத்தகிரி–கோடநாடு. தென்மேற்கே எமரால்டு, குந்தா, மஞ்சூர். வடமேற்கே பைக்காரா, நடுவட்டம். சமவெளியில் நன்றாக ஓட்டிப் பழகி, மலைக்கு முதல் முறையாகவோ இரண்டாம் முறையாகவோ வருகிற ஒருவரிடம் இரண்டு நாள் விடுப்பு இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன்: முதல் முறை என்றால் கோத்தகிரி. காலில் பலமும் கையில் இன்னொரு நாளும் இருந்தால் மஞ்சூர். நடுவட்டம், வார நாள் விடியற்காலை கிடைத்தால் மட்டும்.

ஏறும் வழி

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 325 மீட்டர். கோத்தகிரி 1,800 மீட்டருக்குச் சற்றுக் கீழே. இடையில் 33 கி.மீ. கணக்குப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 44 மீட்டர் ஏற்றம், அதாவது சராசரி நாலரை சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. குன்னூர்ச் சாலையும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். இரண்டுமே செங்குத்தான ஏற்றங்கள் அல்ல, நீளமான ஏற்றங்கள். பலத்தைவிடப் பொறுமைதான் இங்கே உதவும். முன் பல்சக்கரங்களில் சிறியதில் 34 பல், பின் பல்சக்கரங்களில் பெரியதில் 32 அல்லது 34 பல் இருக்கிற சைக்கிளில், மூச்சு வாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் ஏறலாம். பின்னால் 25 அல்லது 28 பல்லோடு வருகிறவர்கள் கோத்தகிரிச் சாலையில் குஞ்சப்பனைக்கு மேலே முழங்கால் வலியோடு நிற்பதைப் பார்க்கலாம். கிளம்பும் முன் கேசட்டை, அதாவது பின் பல்சக்கர அடுக்கை, மாற்றுவதுதான் இந்தப் பயணத்துக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் நல்ல காரியம்.

இரண்டு சாலைகளையும் பிரிப்பது போக்குவரத்து. குன்னூர்ச் சாலையில் சுற்றுலா வண்டிகள் எல்லா மாதமும் அதிகம். மலை ரயில் பாதை அருகிலேயே ஓடுகிறது, 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு எண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள், அதெல்லாம் அழகுதான். ஆனால் வளைவுக்கு வளைவு பின்னால் ஹாரன் சத்தம் கேட்டபடியே இருக்கும். கோத்தகிரிச் சாலை அதைவிட அமைதி. ஒரே ஒரு விலக்கு: மே மாத சீசனில் வழக்கமாக ஒருவழிப் பாதை ஏற்பாடு செய்வார்கள். ஊட்டிக்குப் போகிற வண்டிகள் குன்னூர் வழியாக ஏறும், திரும்புகிறவை கோத்தகிரி வழியாக இறங்கும். அப்போது கோத்தகிரிச் சாலையில் எதிரே வண்டிகள் வரிசைகட்டி இறங்கிக்கொண்டே இருக்கும். மே மாதத்தில் சைக்கிளோடு வராதீர்கள், எந்த வழியிலும்.

குஞ்சப்பனையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே பலா மரங்கள் நிறைய. பழுக்கிற காலத்தில், மே கடைசியிலிருந்து ஜூலை வரை, யானைகள் சாலையோரமே நிற்கும். இருட்டோடு மேட்டுப்பாளையத்தை விட்டுக் கிளம்புவது சமவெளிக்காரர்களின் பழக்கம். வெயிலுக்கு முன் ஏறிவிடலாம் என்ற நினைப்பு. இந்தச் சாலையில் அது வேண்டாம். நன்றாக விடிந்து, ஒன்றிரண்டு பஸ் ஏறிய பிறகு கிளம்புங்கள். சென்னையிலிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் வந்தால் விடிகாலையில் இறங்கி, டிபன் சாப்பிட்டுக் கிளம்ப நேரம் சரியாக இருக்கும்.

கொண்டை ஊசி வளைவில் பஸ் எப்படித் திரும்புகிறது என்பதைக் கவனித்துப் பழகிக்கொள்வது உயிருக்கு நல்லது. இறங்கி வரும் பஸ் வளைவுக்கு முன் வெளிப்பக்கமாக அகன்று போகும். அது நமக்கு இடம் விடுவது போலத் தோன்றும். இடம் விடவில்லை, திரும்புவதற்கு இடம் எடுத்துக்கொள்கிறது. அடுத்த நொடி அதன் பின்சக்கரம் உள்பக்கத்தை அறுத்துக்கொண்டு வரும். அந்த நேரத்தில் உள்பக்கத்தில் ஒரு சைக்கிள் இருக்கக் கூடாது. அரவேணுவில் டீ குடிக்கும்போது ஒரு டிரைவர் அண்ணன் சொன்னது: "தம்பி, நாங்க வளையறதுக்கு முன்னாடி ஒரு ஹாரன் அடிப்போம். அது கேட்டா அப்படியே நின்னுடுங்க. எங்களைத் தாண்ட விட்டுட்டு ஏறுங்க." மலைச்சாலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை என்பது விதி. அதை நம்பிச் சைக்கிளை வளைவுக்குள் விடாதீர்கள்.

கோத்தகிரி பக்கம்

ஊட்டிக்கு முன்பே வெள்ளைக்காரர்கள் குடியேறிய இடம் கோத்தகிரி. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-இல் சிறுமுகைப் பக்கமிருந்து டேனாடு வழியாக மலையேறி வந்து, கன்னேரிமுக்கில் வீடு கட்டினார். அந்த வீடு இப்போது புதுப்பிக்கப்பட்டு நீலகிரி ஆவணக் காப்பகமாகவும் அருங்காட்சியகமாகவும் இருக்கிறது. கோத்தகிரி பஸ் நிலையத்திலிருந்து சுமார் 2 கி.மீ. மலையேறி வந்த அன்று மாலை, கால்களை ஆற்றிக்கொள்ள மெதுவாகப் போய்வரச் சரியான தூரம். ஊருக்குப் பெயர் தந்த கோத்தர் பழங்குடியினரின் குடியிருப்பான புதுக்கோத்தகிரியும் பக்கத்திலேயே இருக்கிறது. இரும்பு வேலை, மண்பாண்டம், இசை மூன்றிலும் இந்த மலை முழுவதும் பெயர் பெற்றவர்கள். அவர்கள் வாழும் இடம் அது, காட்சிப் பொருள் அல்ல. கேமராவை எடுக்காமல் கடந்து போங்கள்.

மறுநாள் கோடநாடு. கோத்தகிரியிலிருந்து காட்சிமுனை வரை ஏறக்குறைய 18 கி.மீ., போக வர 36. கேட்பதற்குக் கொஞ்சமாகத் தெரியும். ஆனால் நீலகிரியில் சைக்கிளுக்கென்றே போட்டது போன்ற பாதை ஒன்று உண்டென்றால் அது இதுதான். ஒரேயடியாக ஏறவும் ஏறாது, இறங்கவும் இறங்காது. ஒரு சரிவில் இறங்கிய வேகத்திலேயே அடுத்த மேட்டில் பாதி ஏறிவிடலாம், மீதிக்கு ஒரு கியர் குறைத்தால் போதும். இருபக்கமும் தேயிலை, நடுநடுவே சில்வர் ஓக் மரங்கள். ஈளாடாவில் கோத்தகிரிக்குத் தண்ணீர் போகும் தடுப்பணை. வளைவு திரும்பினால் எதிர்ச் சரிவில் ஒரு ஹட்டி தெரியும்: வரிசையாக, சுவரோடு சுவர் சேர்ந்த வீடுகள், நீலமும் மஞ்சளுமாய்ப் பூச்சு, நடுவில் கோவில், முன்னால் காலி முற்றம். காலை எட்டு மணிக்கு மேல் தேயிலை பறிக்கும் பெண்கள் முதுகில் பையோடு சாலையோரம் வரிசையாக நடப்பார்கள். மதியத்துக்கு மேல் பச்சை இலை மூட்டைகளோடு பிக்கப் வண்டிகள் தொழிற்சாலைக்குப் போகும். அவசரத்தில் வேகமாகவே வரும், அவற்றுக்கு ஒதுங்கிக் கொடுங்கள்.

காட்சிமுனையில் நின்றால் தரை சட்டென்று விலகி, ஆயிரம் மீட்டருக்கும் மேலான பள்ளத்தில் மாயாறு ஓடுகிறது. ஆற்றோரம் தெங்குமரஹாடா வயல்கள் பச்சைத் துண்டாகத் தெரியும். ஒரு பக்கம் ரங்கசாமி முடி. வானம் தெளிவாக இருந்தால் தூரத்தில் பவானிசாகர் நீர்ப்பரப்பும் மினுங்கும். பத்து மணிக்குள் போய்விடுங்கள். பதினொன்றுக்கு மேல் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்துவிட்டால் எதிரே வெள்ளைச் சுவர்தான். சுற்றுலா வண்டிகளும் அந்த நேரத்துக்கு மேல்தான் வரும்.

இதோடு லாங்வுட் சோலையையும் சேர்த்துக்கொள்ளலாம். ஊரை ஒட்டியே 116 ஹெக்டேரில் மிஞ்சியிருக்கும் சோலைக்காடு. 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம் பிடித்தது. சுற்றுக் கிராமங்களின் ஊற்றுகளுக்கு நீர் ஊட்டுவது இந்தக் காடுதான் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அதனால்தான் அது தப்பித்து நிற்கிறது. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும், சைக்கிளுக்கு அங்கே வேலையில்லை. ஆனால் தேயிலை வெயிலில் ஓட்டி வந்து அந்தக் காட்டோரம் நுழையும்போது காற்று திடீரென்று குளிர்ந்து ஈரமாவதை உடம்பு முழுக்க உணரலாம். மலை முழுவதும் ஒரு காலத்தில் எப்படி இருந்திருக்கும் என்று அந்த நூறு மீட்டரில் புரிந்துவிடும்.

இன்னும் ஓட்ட ஆசை இருந்தால் கட்டபெட்டு போய், அங்கிருந்து குன்னூர்ச் சாலையில் வண்டிச்சோலை வரை போகலாம். கட்டபெட்டிலிருந்து நேரே மேலேறினால் தொட்டபெட்டா சந்திப்பு, பிறகு ஊட்டிக்கு இறக்கம். அந்த ஏற்றம் நீளமானது, கடைசிப் பகுதி குளிரும்.

டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் வந்தால் ஹெத்தை அம்மன் திருவிழா நடக்கும். பேரகணியை நோக்கி வெள்ளை உடையில் கூட்டம் கூட்டமாக மக்கள் நடந்து போவார்கள். அந்த நாட்களில் சாலை அவர்களுடையது. இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். யாராவது கூப்பிட்டுச் சாப்பாடு போடுவார்கள்.

மஞ்சூர் பக்கம்

கோத்தகிரிப் பக்கம் ஊரும் தோட்டமும் என்றால், குந்தாப் பக்கம் மலையும் நீரும். ஊட்டியிலிருந்து முத்தோரை பாலாடா வழியாக எமரால்டு போகும் சாலையில் முதல் பாதி முழுக்கக் காய்கறி. உருளைக்கிழங்கு, கேரட், பூண்டு, முட்டைக்கோஸ் எல்லாம் படிப்படியாக வெட்டிய சரிவுகளில். பாலாடாப் பக்கம் சாலையோரத்தில் கேரட் கழுவும் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும். பெரிய இரும்பு உருளை தண்ணீரில் சுழல, ஒரு பக்கம் மண்ணோடு கொட்டிய கேரட் மறுபக்கம் தீ நிறத்தில் வந்து விழும். கேட்டால் கைநிறைய எடுத்துக் கொடுப்பார்கள். அங்கே கவனிக்க வேண்டியது சாலையில் வழியும் செம்மண் தண்ணீர். மெல்லிய டயருக்கு அது எண்ணெய்க்குச் சமம். நேராகப் பிடித்து, பிரேக் தொடாமல் கடந்துவிடுங்கள்.

எமரால்டும் அவலாஞ்சியும் அணைகள். 1950-களின் கடைசியிலும் 60-களிலும் கனடா நாட்டின் உதவியோடு கட்டப்பட்ட குந்தா நீர்மின் திட்டத்தின் பகுதிகள். இங்கே தேங்கும் நீர் குழாய் வழியாகக் குந்தா மின்நிலையத்தில் விழுந்து, மறுபடி குந்தா அணையில் சேர்ந்து, அங்கிருந்து கெத்தைக்குப் போகிறது. நாம் சைக்கிளில் இறங்கி ஏறும் பள்ளத்தாக்குகளைத்தான் அந்த நீரும் படிப்படியாகக் கடக்கிறது. ஆகவே திட்டத்தைத் தெரிந்துகொண்டாலே ஏற்ற இறக்கம் எங்கே வரும் என்று தெரிந்துவிடும்.

அதுதான் இந்த வழியின் சிரமமும். ஊட்டி–மஞ்சூர் சாலை 30 கி.மீ.க்குச் சற்று அதிகம். கைக்காட்டி தாண்டிக் குந்தா பாலம் வரை இறங்கி, அங்கிருந்து மஞ்சூருக்கு ஏற வேண்டும். போகும்போது இறங்கியதையெல்லாம் திரும்பும்போது ஏறியாக வேண்டும். கோடநாட்டுச் சாலையில் களைத்துவிட்டால் எந்த ஹட்டியிலும் பஸ் வரும். இங்கே பஸ்ஸும் குறைவு, பிற்பகலில் மூடுபனி சீக்கிரம் இறங்கும். மஞ்சூரில் ஓர் இரவு தங்குகிறவர்களுக்குத்தான் இந்த வழி முழுதாகக் கிடைக்கும். தங்கினால் மறுநாள் காலை தாய்ச்சோலை, கேரிங்டன் வழியாகக் கிண்ணக்கொரை வரை போய் வரலாம். ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் காடு, சாலை குறுகல், வண்டிகள் அபூர்வம். முடிவில் கேரளத்தைப் பார்த்தபடி மலை விளிம்பில் ஒரு படுகர் கிராமம். நீலகிரியில் எனக்கு மிகவும் பிடித்த சாலை எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். முதல் முறை வருகிறவருக்கு இதை ஏன் சொல்லவில்லை என்றால், இங்கே பஞ்சர் ஆனாலும் உடம்புக்கு முடியாமல் போனாலும் நம்மை நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டெருமை, கரடி நடமாட்டம் உண்டு. தனியாகப் போகாதீர்கள்.

மஞ்சூரிலிருந்து கெத்தை, முள்ளி வழியாகக் காரமடைக்கு இறங்கும் 43 கொண்டை ஊசிச் சாலையை வரைபடத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அதிகம். யானைகள் அரசுப் பஸ்ஸையே வழிமறித்து நிற்கும் காடு அது. வனத்துறை சோதனைச்சாவடியில் அனுமதி இருக்கிறதோ இல்லையோ, சைக்கிளுக்கு அது ஏற்ற பாதை அல்ல.

நடுவட்டம் பக்கம்

ஊட்டி–கூடலூர் தேசிய நெடுஞ்சாலை. தலைகுந்தா, பைக்காரா, நடுவட்டம். சாலை அகலம், தார் நன்றாக இருக்கும், தலைகுந்தா தாண்டியதும் புல்வெளியும் பைன் மரமுமாய் விரிந்த மேடுகள் கண்ணை நிறைக்கும். நடுவட்டத்தில் மலேரியாவுக்கான கொய்னா மருந்துக்காகச் சிங்கோனா மரம் பயிரிட்ட காலத்தின் மிச்சங்கள் இருக்கின்றன. தோட்ட வேலைக்குக் கொண்டுவந்த சீனக் கைதிகளை அடைத்திருந்த சிறை இப்போது அருங்காட்சியகம். ஆனால் மைசூரு, கேரள வண்டிகள் பலவற்றுக்கும் இதுதான் வழி. சனி, ஞாயிறுகளில் பைக்காரா படகு இல்லம் வரை கார் வரிசைதான். குளிர்காலத்தில் தலைகுந்தாவில் விடியற்காலை உறைபனி புல்லை வெள்ளையாக்கும். மர நிழலில் சாலையும் வழுக்கும். ஒரு செவ்வாய், புதன் காலை, வெயில் விழுந்தபின் கிளம்பினால் அருமை. வேறு நாளில் வேண்டாம்.

தலைகுந்தாவிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையைப் பற்றியும் கேட்பார்கள். 36 கொண்டை ஊசி. டிசம்பரில் நடக்கும் டூர் ஆஃப் நீல்கிரிஸ் சைக்கிள் பயணத்தால், 2008-இலிருந்து சைக்கிள் ஓட்டிகள் மத்தியில் புகழ் பெற்ற ஏற்றம். அவர்கள் உதவி வண்டிகளும் மருத்துவ வசதியுமாக ஏறுகிறார்கள். கீழே முதுமலை புலிகள் காப்பகம். வெளியூர் வண்டிகள் இறங்கத் தடை வைக்கும் அளவுக்கு விபத்து நடந்த சரிவு. தனி ஆளாக அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

மாதம் பார்த்து முடிவு செய்யுங்கள்

மூன்றில் எது என்பதைப் பாதி தீர்மானிப்பது மழை. தென்மேற்குப் பருவமழையின் முழு வீச்சும் மேற்குப் பக்கத்துக்குத்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அதே மாதங்களில் தொட்டபெட்டா தடுத்து நிற்பதால் கோத்தகிரியில் சாரலும் மேகமும்தான். ஆகவே ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்கு மட்டும். அக்டோபர், நவம்பரில் நிலைமை தலைகீழ். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் விழுகிறது. 2009 நவம்பரில் அந்தப் பக்கம் நிலச்சரிவில் உயிர்கள் போயின, சாலைகள் நாள்கணக்கில் அறுந்து கிடந்தன. அந்த இரண்டு மாதமும் எந்தப் பக்கமும் திட்டம் போடாதீர்கள். மழை நின்ற பிறகும் வெட்டிய மண்சரிவு ஈரத்தோடு காத்துக்கொண்டிருக்கும். ஜனவரி நடுவிலிருந்து மார்ச் வரை மூன்று பக்கமும் நன்றாக இருக்கும். மஞ்சூருக்கு அதைவிட்டால் வேறு காலம் இல்லை.

சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு வருகிறவர்கள் மாவட்டத்துக்குள் வரக் காருக்கு இ-பாஸ் (இணைய அனுமதிச் சீட்டு) எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மாவட்டத்துக்குள் தடை. சைக்கிள் பாட்டில் இரண்டு வைத்துக்கொண்டு, சாலையோரத் தண்ணீர் ஏடிஎம்மில் நிரப்பிக்கொள்ளுங்கள். பசிக்கு டீக்கடையில் கிடைக்கும் மொறுமொறு வர்க்கி பிஸ்கட் போதும். பையில் நசுங்காது, நெய்யும் மாவும் சேர்ந்து ஒரு மேட்டைத் தாண்ட வைக்கும்.

கடைசியாக இறக்கம். மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் 33 கி.மீ.யில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் ரிம் சூடேறி டியூப் வெடிக்கும். டிஸ்க் என்றால் பேட் கருகும். வளைவு வருவதற்குள் முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் மாற்றி மாற்றி அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிடுங்கள். பத்து கிலோமீட்டருக்கு ஒருமுறை நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியவில்லை என்றால் ஒரு டீ குடிக்கிற நேரம் ஆறவிடுங்கள். கோத்தகிரியிலிருந்து காலை பத்து மணிக்குள் இறங்கத் தொடங்கினால் ஏறி வரும் கூட்டம் பெருகும் முன் குஞ்சப்பனையைத் தாண்டிவிடலாம். அதனால் கோடநாட்டை முதல் நாள் மாலையில் திணிக்கப் பார்க்காமல், வாய்ப்பிருந்தால் இரண்டு இரவு தங்குங்கள். ஓர் இரவுதான் முடியும் என்றால், கோத்தகிரிக்கு பஸ்ஸிலோ காரிலோ ஏறி வந்து, இரண்டு நாளையும் மேல்மலையிலேயே ஓட்டுங்கள்.